தேரடியில் சொன்ன பாஸ்வேர்டு

போன வாரம் நான் மில்லுக்கு வந்திருந்தபோது, கம்ப்யூட்டர் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் என்னை உட்காரவைத்து உங்கள் புது மென்பொருளைக் காட்டினீர்கள். மில்லின் எல்லாப் பாஸ்வேர்டுகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம், யார் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று பெயருக்கு நேராக டிக் அடித்தால் போதும். டீ நன்றாக இருந்தது. மென்பொருளும் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் உங்களில் ஒருவர், "அவசரத்துக்குத் திறக்க இன்னொரு ஆள் பேரு கேக்குது சார். எதுக்கு வம்புன்னு காலியா விட்டுட்டோம்" என்றார். நான் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, சிரிப்பு அடங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் நம் மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அதைத் தொடும் அதிகாரம் பெற்ற ஒரே ஆள் நான். மதுரையில் மூன்று மாதம் படித்திருந்தேன். அந்த மூன்று மாதத்தை வைத்துக்கொண்டு நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மில்லிலேயே ஏசி இருந்த அறை அது ஒன்றுதான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஆயுத பூஜைக்குத் திரையில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டோம். அர்ச்சகர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் நடப்பதைச் சொல்கிறேன். டேட்டா என்ட்ரி பார்க்கும் செல்வியும் மற்ற இரண்டு பெண்களும் எனக்கு முன்பே வந்து நிற்பார்கள். நான் மெதுவாக வந்து, நாற்காலியைத் துடைத்து, உட்கார்ந்து, இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு வலது கையால் பாஸ்வேர்டை அடிப்பேன். அதன் பிறகுதான் அவர்கள் உட்காரலாம். சாயங்காலம் நானே மூடிவிட்டுப் போவேன். மில்லில் இருந்த எல்லா விவரமும் அந்த ஒரே பாஸ்வேர்டுக்குள் அடக்கம். வருகைப் பதிவு, சம்பளம், லீவு லெட்டர், பஞ்சு இருப்பு, எல்லாம் அதற்குள் இருந்தன. ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்து, அவரவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் திறந்துவிட அந்தக் கம்ப்யூட்டரிலேயே வசதி இருந்தது. எனக்குச் செய்யவும் தெரியும். செய்தால் என்னை யார் தேடுவார்கள்?

மேனேஜர் இரண்டு முறை கேட்டார். "ராமசுப்பு, அந்தப் பாஸ்வேர்ட எங்கிட்ட ஒரு தாள்ல எழுதிக் குடுத்து வையி."

"செக்யூரிட்டி சார்" என்றேன். அந்தச் சொல்லை அப்போதுதான் கற்றிருந்தேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நான் எழுதிக் கொடுக்காததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் மேனேஜர் கண்டிப்பானவர். அவர் அறைக்குள் போனவர்கள் வெளியே வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வருவார்கள். அதனால் மில் முழுக்க அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: வெங்காயம். அவருக்கு மட்டும் அது தெரியாது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கம்ப்யூட்டர் எட்டு எழுத்துக்கு மேல் வாங்காது. அந்தப் பட்டப்பெயரை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன், கச்சிதமாக எட்டு வந்தது. தினமும் காலையில் கையால் மறைத்துக்கொண்டு அதைத்தான் அடித்தேன். அடிக்கும்போது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

இந்தச் சமயத்தில் மில் கேன்டீனில் ஒருநாள் ரத்த வகை பார்க்கும் முகாம் நடத்தினார்கள். தொழிலாளர்கள் எல்லாருக்கும் விரலில் குத்தி, யாருக்கு என்ன வகை என்று ஆளுக்கொரு தாளில் எழுதினார்கள். எனக்கு ஊசி என்றால் ஆகாது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு விரலை நீட்டினேன். குத்தியதும் முடிவைக்கூடக் கேட்காமல் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடி வந்துவிட்டேன். பிறகு அத்தனை தாளையும் செல்வி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எந்த வகை என்று கேட்டால் அந்த வகைக்காரர்களின் பெயரெல்லாம் வரிசையாக வரும்படி நான் ஒரு புரோகிராம் எழுதினேன். அருமையான புரோகிராம். அதையும் அதே பாஸ்வேர்டுக்குள் வைத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகு தாள் எதற்கு? பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று கட்டோடு தூக்கிக் கேன்டீனுக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் அதில்தான் வடை மடித்துக் கொடுத்தார்கள்.

அடுத்து வந்தது ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு அன்று ஊருக்கெல்லாம் லீவு. கம்ப்யூட்டர் அறையைப் பூட்டியாயிற்று. மில் மட்டும் கொஞ்சம் ஆட்களை வைத்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் வருடா வருடம் வடம் பிடிப்பது வழக்கம். காலையிலேயே வேட்டியை மடித்துக் கட்டி, சட்டை இல்லாமல், நெஞ்சில் சந்தனத்தோடு கூட்டத்தில் புகுந்துவிட்டேன்.

தேர் தெற்கு ரத வீதியில் வரும்போது, தேரடிப் பந்தலிலிருந்து மைக்கில் அறிவிப்பு வந்தது. அதுவரை காணாமல் போன குழந்தைகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பாவாடை, நீல டவுசர், பேர் சொல்லத் தெரியவில்லை. நடுவில், "ராஜபாளையம் மில்லு கம்ப்யூட்டர் ஆபீசர் ராமசுப்பு எங்கிருந்தாலும் உடனே தேரடி போலீஸ் பந்தலுக்கு வரவும். மேனேஜர் போனில் தேடுகிறார்."

எனக்குப் பக்கத்தில் வடம் பிடித்திருந்தவர் தேவதானத்து விவசாயி. அன்றுதான் பழக்கம். அவரிடம், "என்னையத்தான் கூப்பிடுதாக" என்றேன்.

"அப்பொறம் போகலையா?"

"நான் இல்லேன்னா அங்க ஒண்ணும் ஓடாது அண்ணாச்சி. தெனமும் இதே பாடுதான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆபீசர் இல்லை. வேலைக்கான உத்தரவில் 'ஆபரேட்டர்' என்றுதான் போட்டிருந்தது. நாலு ரத வீதிக்கும் கேட்கும்படி என்னை ஆபீசர் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொரு தடவை கேட்கலாமே என்று தோன்றியது. கேட்டேன். இரண்டாம் தடவையும் ஆபீசர் என்றுதான் சொன்னார்கள். அந்த விவசாயி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியிருந்தது. வெங்காயம் கொஞ்சம் காத்திருக்கட்டும், இந்தத் திருப்பம் தாண்டட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது அறிவிப்பில் மைக்கில் இருந்தவரின் குரல் மாறியிருந்தது. "ரொம்ப அவசரம்" என்றார். அப்போதுதான் வடத்தை விட்டேன். முதல் அறிவிப்புக்கும் அதற்கும் இடையில் அரை மணி நேரம் போயிருக்கும்.

பந்தலில் ஓர் இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், அழுதுகொண்டிருந்த மூன்று குழந்தைகள், அவர்களுக்குப் பால்கோவா ஊட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா. இன்ஸ்பெக்டர் போனை என் கையில் கொடுத்தார். மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ராமசுப்பு, நம்ம ஃபிட்டர் காதர் கை கார்டிங் மெஷின்ல மாட்டிருச்சு. ஆஸ்பத்திரியில கெடக்கான். ரத்தம் எம்புட்டோ போயிருச்சு. ஓ நெகட்டிவ் வேணும்ங்காக, இங்க ஒரு பாட்டில் கெடையாது. மதுரைக்கு வண்டி போயிருக்கு. அது வந்து சேர நாலு மணி நேரம் ஆகும், டாக்டரு அம்புட்டு நேரம் தாங்காதுங்காரு. நம்ம ஆளுக லிஸ்டு உன் பெட்டிக்குள்ள இருக்கு. நான் கம்ப்யூட்டர் ரூமுலதான் நிக்கேன். குவார்ட்டர்ஸ்ல இருந்து செல்வியக் கூட்டியாந்துட்டேன். பாஸ்வேர்டச் சொல்லு."

காதர் அண்ணனை மில்லில் தெரியாதவர்கள் கிடையாது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அந்த ஏசி அறையின் கதவு மழைக்கு உப்பிச் சிக்கிக்கொள்ளும் போதெல்லாம் வந்து இழைத்துக் கொடுத்தவர் அவர்தான். அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"நானே வந்து அடிச்சிருதேன் சார்."

"ஏமய்யா!" என்று கத்தினார். கோபம் முற்றினால் அவருக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "நீ கூட்டத்தத் தாண்டி இங்க வந்து சேந்து, கையக் காலக் கழுவிட்டு அடிக்கதுக்குள்ள அவன் போயிருவான். சொல்லுய்யா!"

நான் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பால்கோவா ஊட்டிக்கொண்டிருந்த அம்மாகூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வெங்காயம், சார்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

"பாஸ்வேர்டு சார். வெங்காயம். இங்கிலீஷ்ல, எட்டு எழுத்து."

"செல்வி, வெங்காயம்னு அடிம்மா" என்று அவர் அங்கே சொல்வது கேட்டது. செல்வி என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்தாள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பிறகு அவளுடைய குரல் தூரத்தில் கேட்டது. "பெரிய எழுத்தா, சின்ன எழுத்தான்னு கேளுங்க சார்."

"பெரிய எழுத்து சார்" என்றேன்.

"பெரிய வெங்காயமாம்" என்றார் மேனேஜர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பந்தலில் ஒரு போலீஸ்காரர் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்து எந்த எண்ணை அழுத்த வேண்டும், எங்கே ரத்த வகையைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிரிண்டர் கரகரவென்று ஓடும் சத்தம் போனில் கேட்டது. மேனேஜர் தாளைக் கிழித்து வாசித்தார்.

"காதர விட்டா மூணு பேருதான் இருக்காக. ஒருத்தரு போன மாசம் ரிட்டயராகி மகன் வீட்டுக்குப் பம்பாய் போயிட்டாரு. இன்னொருத்தன் மஞ்சக்காமாலைன்னு லீவுல கெடக்கான்." பிறகு நிறுத்திவிட்டார்.

"மூணாவது யாரு சார்? வீடு எங்கன்னு சொல்லுங்க, நான் போயிக் கூட்டியாரேன்."

"நீதாம்ல" என்றார். "பொறப்பட்டு வா."

ஊரில் உள்ளவர்கள் விவரத்தையெல்லாம் பூட்டி வைத்துச் சாவியோடு திரிந்தவனுக்குத் தன் ரத்தம் என்ன வகை என்று தெரியவில்லை. அரை மணி நேரமாக அந்த மனிதனுக்கு வேண்டிய ரத்தம் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரை மைக்கில் கேட்டு ரசித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரின் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிவிட்டார். சந்து சந்தாகப் புகுந்து கூட்டத்தைத் தாண்டினோம். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் சட்டை இல்லாமல், செருப்பு இல்லாமல் போய் நின்ற என்னைப் பார்த்து நர்ஸ், "இது யாரு, சாமியாரா?" என்றார். வாசலில் காதர் அண்ணனின் மனைவி நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேரு அன்னைக்கு வேண்டுதல விட்டுப்புட்டு ஓடியாந்திருக்கீகளே தம்பி" என்று அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போனது கிடையாது. ஊசியைப் பார்த்தேன், படுத்தேன், அதற்குமேல் நினைவில்லை. ரத்தம் கொடுத்து மயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இவன் கொடுப்பதற்கு முன்பே மயங்கிவிட்டான் என்று டாக்டர் பிறகு சொன்னாராம்.

நான் கொடுத்தது மதுரை வண்டி வந்து சேரும்வரை தாங்கியது. காதர் அண்ணன் பிழைத்தார். வலது கையில் மூன்று விரல்தான் மிஞ்சியது.

மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குப் போனேன். இரவெல்லாம் யோசித்து ஒரு மன்னிப்பு தயார் செய்திருந்தேன். "சார், அந்தப் பாஸ்வேர்டு..." என்று தொடங்கினேன்.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் சார்."

"சரி. அந்தப் பேரு எனக்குப் பழகிப்போச்சுய்யா. பத்து வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்." ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "இனிமே என்ன செய்யப்போற, அதச் சொல்லு."

நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

என் குற்ற உணர்ச்சியில் அடுத்து ஒரு கோமாளித்தனம் செய்தேன். புதுப் பாஸ்வேர்டைப் பெரிதாக எழுதிக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். இனிமேல் எல்லாருக்கும் எல்லாமும் திறந்தே இருக்கும் என்று அறிவித்தேன். செல்வி ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். நாற்காலியில் ஏறி அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இறங்கினாள்.

"போன மாசம் நான் எதுக்கு லீவு போட்டேன்னு உங்களுக்குத் தெரியும்லா சார்? அந்த லெட்டரும் இதுக்குள்ளதான கெடக்கு. அத ஊரே வந்து படிக்கவா?"

எனக்குத் தெரியும். அது ஊர் படிக்க வேண்டிய விஷயம் இல்லை. ஒரு பெண்ணுக்கும் அவளுடைய டாக்டருக்கும் இடையில் இருக்க வேண்டியது. சொல்லப்போனால் நானே படித்திருக்கக் கூடாது. மறைக்க வேண்டியதையும் காட்ட வேண்டியதையும் ஒரே பூட்டுக்குள் போட்டது முதல் தப்பு. அந்தப் பூட்டையே கழற்றி எறிந்தது இரண்டாவது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், சோம்பேறித்தனம். எது யாருக்கு வேண்டும் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து யோசிக்க எனக்கு அலுப்பு. டிக் அடிக்கும் கட்டங்கள் உங்களுக்கு வந்துவிட்டன. யோசிப்பது இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. இதை யார் பார்க்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டே போகாதீர்கள். நான் எங்கோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது இது யாருக்குத் தேவைப்படும் என்றும் கேளுங்கள்.

பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தோம். செல்விக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு, அவரவர் வேலைக்கு வேண்டியது மட்டும் திறக்கும். நான் தினமும் அடிக்கும் பாஸ்வேர்டுக்கும் லீவு லெட்டர் திறக்காது. ரத்த வகைப் பட்டியல், யார் யார் சம்மதித்தார்களோ அவர்கள் பெயரோடு, மாதா மாதம் அச்சடித்து மில் கேட்டில் தொங்கும். எல்லாவற்றையும் திறக்கும் பெரிய பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்து ஒட்டினோம். காதர் அண்ணன் தேறி வேலைக்குத் திரும்பிய பிறகு, அதை நிரந்தரமாக யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. மேனேஜரின் இரும்புப் பெட்டியில் வைக்கலாம் என்றேன்.

"வேண்டாம்" என்றார் மேனேஜர். "நானும் ஊருக்குப் போவேன்ல? கேட்ல எந்நேரமும் ஆளு இருக்கும். ஒடச்சா ஒடச்சது தெரியணும், அவசரம்னா ஒடைக்கவும் தயங்கக் கூடாது. காதர்கிட்டக் குடு. ஒரு நிமிசம்னா எம்புட்டுன்னு அவனுக்குத்தான் தெரியும்."

காதர் அண்ணனால் அதற்குமேல் ஃபிட்டர் வேலை பார்க்க முடியவில்லை. கேட்டில் சாவிப் பலகையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்ந்திருந்தார். எல்லாச் சாவியும் அவரிடம்தான். எடுக்கும்போதும் வைக்கும்போதும் பதிவேட்டில் கையெழுத்து. என் கவருக்கும் அதே சட்டம். நான் பாஸ்வேர்டை மாற்றும்போதெல்லாம், லீவில் போகும்போதெல்லாம் அவரிடம் போய் நிற்பேன். அந்த மூன்று விரல் கவரை வாங்கி, அரக்கைத் தடவிப் பார்க்கும்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு முதல்நாள் சாயங்காலம் லீவு சொல்லிவிட்டுக் கவரைக் கொடுக்கப் போனேன். கொடுத்துவிட்டு நகர முடியவில்லை. ஒரு வருடமாக அவர் மனைவி என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டுதலை விட்டுவிட்டு ஓடிவந்த தம்பி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெருநாளைக்குப் பெருநாள் பிரியாணி வேறு வீட்டுக்கு வந்தது. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"அண்ணே, ஒரு விசயம் சொல்லணும். அன்னைக்கு மைக்குல என்னைய மூணு வாட்டி கூப்பிட்டாக. மொத வாட்டியே எனக்குக் கேட்டுச்சு. ஆபீசருன்னு சொன்னாக. கேக்க நல்லா இருந்துச்சு, நின்னுட்டேன். அரை மணி நேரம்."

காதர் அண்ணன் கவரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைப் பலகையில் மாட்டினார். தன் கையைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்நேரம் நான் பிள்ளைக பேரச் சொல்லிக்கிட்டே கெடந்தேனாம்" என்றார். "எனக்கு நெனவு இல்ல. அவதான் சொல்லுவா."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

"உங்க ரத்தத்தத்தான ஏத்துனாக?" என்றார் பொறுமையாக. "அதோட அந்தத் திமிரும் கொஞ்சம் உள்ள எறங்கிருச்சு போல தம்பி. நேத்து மேனேஜரையே அடையாள அட்டை இல்லன்னு கேட்ல நிப்பாட்டிப்புட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க. நாளைக்கு மைக்குல கூப்பிட்டா, மொத வாட்டியே போயிருங்க."

மறுநாள் வடம் பிடித்தேன். மைக்கில் குழந்தைகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், என் பெயர் வரவில்லை. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஒவ்வொரு அறிவிப்புக்கும் வடத்தைப் பிடித்த கையைத் தளர்த்திவிட்டுத்தான் கேட்டேன்.